லிப்ஸ்டிக் இருக்கட்டும், அந்த க்ரீம் டியூப் எங்கே?

கேள்வி:

டாக்டர் அக்கா, எனக்கு 25 வயது. பாம்பனிலிருந்து தினமும் பஸ்ஸில் ராமநாதபுரம் போய் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். கவுண்டரில் நிற்கிற பெண்கள் லிப்ஸ்டிக், பவுடர், கண்மை போட்டுத்தான் நிற்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. மே மாதம் கல்யாணம். அவர் கத்தாரில் இருக்கிறார். வீடியோ காலில் பார்க்கும்போதெல்லாம் "இதெல்லாம் எதுக்கு, நேச்சுரலா இரு, எனக்கு அதுதான் பிடிக்கும்" என்கிறார். கடலில் பாசி எடுக்கப் போகிற எங்கள் அம்மா, "மினுக்கிக்கிட்டுத் திரியாதே, ஊரு ஒரு மாதிரிப் பேசும்" என்கிறார். மாமியாராக வரப்போகிறவர் கல்யாணத்துக்குள் கொஞ்சம் நிறம் வரட்டும் என்று ஒரு க்ரீம் வாங்கிக் கொடுத்தார். 4 மாதமாக ராத்திரியில் பூசுகிறேன். முதலில் பளிச்சென்று ஆனது. இப்போது ஒரு மாதமாக வெயில் பட்டாலே முகம் சிவந்து எரிகிறது, பரு வருகிறது, கன்னத்தில் பூனைமுடி மாதிரி முளைக்கிறது. எல்லாம் மேக்கப்பால் வந்த வினை என்கிறார்கள். பெண்கள் மேக்கப் போடுவதைப் பற்றி உங்கள் சொந்தக் கருத்து என்ன அக்கா? நான் நிறுத்திவிட வேண்டுமா?

பெயர் வேண்டாம், பாம்பன்.

பதில்:

அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் நானும் நீ என்றே எழுதுகிறேன் தங்கச்சி. நீ கேட்டது கருத்து. ஆனால் உன் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கருத்துக் கேள்வி இல்லை, நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, மாமியார் கொடுத்த க்ரீம், அதுதான். முதலில் அதைப் பேசிவிடுவோம். என் கருத்தும் அதற்குள்ளேயேதான் இருக்கிறது.

முகத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொல்லக்கூடாது, ஆனாலும் முதலில் பளிச், அப்புறம் சிவப்பு, எரிச்சல், பரு, பூனைமுடி, இந்த வரிசையை நான் வாரத்துக்கு ஒருவரிடமாவது கேட்கிறேன். பெரும்பாலும் அது ஸ்டீராய்டு க்ரீமாக இருக்கும். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பார். கூடவே ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினாயின் என்று இரண்டு பெயர் இருந்தால் அது மங்கு என்கிற முகக் கருந்திட்டுக்காக டாக்டர்கள் சில வாரத்துக்கு மட்டும், கண்காணித்து எழுதித்தரும் மருந்து. கரப்பான், அரிப்பு மாதிரி நோய்களுக்கு இவையெல்லாம் நல்ல மருந்துகள்தான், நானே எழுதுகிறேன். ஆனால் நிறம் வருவதற்கென்று நல்ல முகத்தில் மாதக்கணக்கில் பூசுவதற்கு வந்தவை இல்லை.

அது எப்படி வெளுப்பாக்குகிறது தெரியுமா? தோலுக்கு அடியில் இருக்கிற பொடி ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், முகம் வெளிறித் தெரியும், அந்த வெளிறலைத்தான் நாம் நிறம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். தொடர்ந்து பூசப் பூசத் தோல் மெலியும், சுருங்கிய குழாய்கள் விரிந்து சிவப்பு சிவப்பாக வெளியே தெரியும், வெயிலைத் தாங்கும் தெம்பு போய்விடும், முடி வளரும். நிறுத்தினால் இன்னும் எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடியும் அதையே பூசுவார்கள். வருஷக்கணக்கில் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரியும். இந்த அவஸ்தையை இந்தியாவில் தோல் டாக்டர்கள் அவ்வளவு பேர் பார்த்துவிட்டதால், ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று அதற்கு ஒரு நோய்ப்பெயரே வைத்திருக்கிறோம். 2018-ல் மத்திய அரசு இந்த க்ரீம்களில் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கடையில் போய் "நிறம் வர்ற க்ரீம்" என்று கேட்டால் இன்றைக்கும் கைக்கு வந்துவிடுகிறது.

டியூபில் கம்பெனி முகவரியோ, லைசென்ஸ் நம்பரோ, என்ன கலந்தது என்ற விவரமோ இல்லாமல் வெளிநாட்டு எழுத்து மட்டும் இருந்தால் எனக்கு இன்னும் கவலை. அந்த மாதிரிச் சரக்கில் பாதரசம் இருக்க வாய்ப்பு உண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பக்கத்துக் கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில், 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒரே வகை சிறுநீரகக் கோளாறோடு வந்த 22 பேரைச் சோதித்தார்கள். அதில் 15 பேருக்கு ஓர் அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள். உனக்குச் சிறுநீர் நுரைநுரையாகப் போகிறதா, காலையில் கண்ணும் முகமும் வீங்கியிருக்கிறதா என்று கவனி. இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்த வாரமே ஒரு தோல் டாக்டரைப் பார். எங்கள் கிளினிக்தான் என்று இல்லை, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். 4 மாதம் பூசியதை நிறுத்தும்போது ஓரிரு வாரம் முகம் இன்னும் மோசமாகும், அதைத் தாண்ட வேறு மருந்து வேண்டும், சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டியிருக்கும். நீயாக நிறுத்திவிட்டு எரிச்சல் தாங்காமல் எலுமிச்சம்பழம் தேய்ப்பது, வேப்பிலை அரைத்துப் போடுவது எதுவும் கூடாது. எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் போனால் அதுவே தனியாகப் புண்ணாக்கும். கன்னத்து முடிக்கு பியூட்டி பார்லரில் வாக்ஸ் போட்டுவிடாதே, மெலிந்த தோல் கையோடு உரிந்து வரும். ப்ளீச் பக்கமே போகாதே. முகம் சரியாவதற்கு 3 மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். ஆனால் சரியாகும், அதற்காகக் கலங்காதே.

அதுவரைக்கும் ஃபவுண்டேஷனும் பவுடரும் வேண்டாம். லிப்ஸ்டிக்கும் கண்மையும் போட்டுக்கொள். உன் கன்னம் எரிவதற்கும் உன் உதட்டுச் சாயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இனி நீ கேட்ட கருத்து.

ராத்திரி வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் போய்விடுகிற எதுவும் எனக்குச் சம்மதம். கழுவினாலும் போகாமல் தோலுக்குள் இறங்கி உன் நிறத்தை மாற்றப் பார்க்கிற எதுவும் எனக்குச் சம்மதமில்லை. இருபது வருஷம் இந்தக் கடற்கரையில் முகம் முகமாகப் பார்த்து எனக்கு வந்த கருத்து இவ்வளவுதான். ஆனால் நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். சாயங்காலம் அழிந்துபோகிற லிப்ஸ்டிக்கைப் பார்த்தால் கோபம் வருகிறது, சிறுநீரகம் வரைக்கும் போகக்கூடிய க்ரீமைக் கல்யாணச் சீரோடு சேர்த்து வாங்கித் தருகிறார்கள், ஏனென்றால் ஒன்று பெண் தனக்காகச் செய்துகொள்வது, இன்னொன்று மாப்பிள்ளை வீட்டுக்காகச் செய்யப்படுவது. இது எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரையே மாற்றிக்கொண்டது (அது வேறு வகை, உன் டியூபோடு குழப்பிக்கொள்ளாதே), பெண் பார்க்க வருகிறவர்கள் இன்னும் "பொண்ணு என்ன நிறம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உன் அம்மா மாதிரியே பாசி எடுக்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் மொச்சைக்கொட்டை அளவு வெள்ளை விழுந்திருக்கிறது என்று வந்தார். வெண்குஷ்டமோ என்று பயம். கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்ட வட்டம் மட்டும் வெளுத்து, மீதி முகமெல்லாம் உப்பிலும் வெயிலிலும் கறுத்து, விரல் நுனியில் துணி சுற்றிக் கட்டின தழும்போடு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார், ஸ்டிக்கர் பொட்டு அட்டை. கடலுக்குள் முங்கினால் பொட்டு போய்விடுமாம். கரையேறியதும் பாசியைக் கொட்டிவிட்டு, ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு, முதல் வேலையாக இந்த அட்டையிலிருந்து ஒன்றை உரித்து ஒட்டிக்கொள்வாராம். "வெறும் நெத்தியோட ரோட்ல நடக்க மனசு வராது டாக்டரம்மா" என்றார். வெள்ளைக்குக் காரணமும் அந்த அட்டைதான். சில ஸ்டிக்கர் பசையில் இருக்கிற பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் தோலில் நிறம் தரும் செல்களையே சாகடித்துவிடும். பசைப் பொட்டை விட்டுவிட்டு நல்ல குங்குமம் வைத்துக்கொள்ளச் சொன்னேன், மருந்தும் கொடுத்தேன், முக்கால்வாசி நிறம் திரும்பியது.

அவர் போன பிறகு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொட்டு மேக்கப் இல்லாமல் வேறு என்ன? தன் முகம் தனக்கு முழுசாகத் தெரிய வேண்டும் என்று ஒரு பெண் கடற்கரை மணலில் நின்று செய்துகொள்கிற அலங்காரம் அது. அதை ஊரில் யாரும் மினுக்கல் என்று சொல்வதில்லை. மஞ்சள் பூசினால் மங்களம், கீழக்கரையில் சுருமா போட்டால் வழக்கம், மருதாணி வைத்தால் சந்தோஷம், லிப்ஸ்டிக் போட்டால் மட்டும் மினுக்கி. உதட்டுச் சாயம் வெளியிலிருந்து வந்தது, நம் பழக்கம் இல்லை என்பார்கள். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையை எடுத்துப் பார், மாதவி பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் என்று மூலிகை, வாசனைச் சரக்குகள் ஊறின தண்ணீரில் குளித்து, பாதத்துக்குச் செம்பஞ்சு ஊட்டித்தான் கிளம்புகிறாள். இதைச் சொன்னால் உடனே, அவள் கணிகைதானே என்று ஒரு பதில் வரும். இந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. அலங்கரித்துக்கொள்கிற பெண்ணின் நடத்தையைச் சந்தேகிக்கிற புத்தி அவ்வளவு பழசு. உன் அம்மா "ஊரு பேசும்" என்று பயப்படுவது அதற்குத்தான், உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை.

எனக்கும் நடந்திருக்கிறது. மருத்துவம் படிக்கும்போது ஒரு நாள் கண்மையும் லேசாக உதட்டுச் சாயமும் போட்டுக்கொண்டு வார்டு ரவுண்ட்ஸுக்குப் போனேன். அங்கே இருந்த மூத்த டாக்டர் ஒருவர் பத்துப் பேர் முன்னால் "டாக்டருக்குப் படிக்க வந்தியா, ஷூட்டிங்குக்கு வந்தியா?" என்றார். பாத்ரூமுக்குப் போய்க் கைக்குட்டையால் உதட்டைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். அப்புறம் ஆறேழு வருஷம் லிப்ஸ்டிக்கைத் தொடவில்லை. அன்றைக்கு அந்த வார்டில் கேஸை நன்றாகச் சொன்னவள் நான்தான், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது நான் போட்டுக்கொள்கிறேன், சில நாள் போடாமலும் போகிறேன். என் கை மருந்துச் சீட்டை எழுதுவதில் எந்த வித்தியாசமும் இல்லை.

உன் மேனேஜர் சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. போடாதே என்பது எவ்வளவு தப்போ, போட்டுத்தான் நிற்கணும் என்பதும் அவ்வளவு தப்பு. நீ பில் போடத்தான் சம்பளம் வாங்குகிறாய். அப்படியே போட வேண்டியிருந்தாலும் கடையில் எல்லாரும் ஒரே லிப்ஸ்டிக்கை, ஒரே மைப் பென்சிலைச் சுற்றில் விட்டால் மட்டும் கண்டிப்பாகத் தொடாதே. உதட்டுப் புண்ணும் கண் தொற்றும் அப்படித்தான் ஒட்டும். உன்னுடையதை உன் பையில் வைத்துக்கொள்.

அடுத்தது உன் மாப்பிள்ளை. நேச்சுரலாக இரு என்று அவர் ஆசையோடுதான் சொல்லியிருப்பார், அதில் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனபோது வீடியோ காலில் அவர் என்ன சொன்னார்? நல்லா நிறம் வந்திருக்கே என்று சொல்லியிருந்தால், அவர் நேச்சுரல் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்டீராய்டு போட்ட முகத்தை. இதை அவரிடம் நீ சொல்லத்தான் வேண்டும். சண்டையாக வேண்டாம், உங்க அம்மா கொடுத்தது என்று குற்றமாகவும் வேண்டாம். அந்த அம்மா பாவம், தன் காலத்தில் நிறத்துக்காகத் தானும் நாலு பேச்சுக் கேட்டவராக இருப்பார், நமக்கு வருகிற பெண்ணுக்கு அந்தப் பேச்சு வரக்கூடாது என்று வாங்கிக் கொடுத்திருப்பார். டாக்டர் இப்படிச் சொல்லுது, என் முகம் எரியுது, நிறம் பழையபடிதான் ஆகும் என்று சொல்லு. கேமராவை வைத்துச் சிவந்த கன்னத்தையும் காட்டு. அவர் அடுத்ததாகப் பேசுவது உன் எரிச்சலைப் பற்றியா, கல்யாண போட்டோவைப் பற்றியா என்று கவனமாகக் கேட்டுக்கொள்.

உன் அம்மாவிடமும் ஒன்று சொல். அவர் குந்துகால் பக்கமோ தீவு ஓரமோ முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள், கட்டக்கோரையிலிருந்து அல்ஜினேட் எடுக்கிறார்கள், மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கிற கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து கேரஜீனன் வருகிறது. பற்பசை, லோஷன், முகத்துக்குப் போடும் மாஸ்க் எல்லாம் கொழகொழவென்று நிற்பதற்கு இந்த மாதிரிப் பொருள்களைத்தான் சேர்க்கிறார்கள். அத்தனை அலங்காரப் பொருளுக்கும் பாசி எடுத்துக் கொடுத்த கை, சொந்த மகள் கண்ணுக்கு மை வைத்தால் ஏன் நடுங்க வேண்டும்? அடுத்த முறை மை வைக்கும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கோடு இழுத்துவிடு. மறுக்கமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெயில் விஷயம் மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், உன் ஊருக்கு இது முக்கியம். பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது மேலேயிருந்து அடிக்கிற வெயில் போதாது என்று கடல் தண்ணீரிலிருந்தும் எதிரொளி அடிக்கும். ஜன்னல் கண்ணாடியை மூடினாலும் தோலைக் கறுக்க வைக்கிற யுவிஏ கதிர் உள்ளே வரும். தினமும் போகவர இரண்டு நேரம், வருஷம் முழுக்க. முகம் ஆறும்வரை நிழல் பக்கம் உட்கார், துப்பட்டாவை முகத்தைச் சுற்றிப் போட்டுக்கொள். சன்ஸ்க்ரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், ஜிங்க் ஆக்ஸைடு இருப்பதாக வாங்கு, எரியாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்கு இரண்டு கோடு பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துப் போதும், நம்மாட்கள் பட்டாணி அளவு எடுத்து முகமெல்லாம் தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். பிற்பாடு மங்கு இருப்பது தெரிந்தால் லேசாக நிறம் கலந்த சன்ஸ்க்ரீன் நல்லது, அதில் இருக்கிற இரும்பு ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுக்கும், சாதாரண சன்ஸ்க்ரீன் அந்த அளவுக்குத் தடுக்காது. அதாவது மேக்கப் மாதிரி இருக்கிற ஒன்றை நானே உனக்கு மருந்தாக எழுதித் தருவேன்.

கல்யாணத்தன்று என்ன போடுவது என்று அடுத்து கேட்பாய். தோல் ஆறியிருந்தால் தாராளமாக மேக்கப் போட்டுக்கொள். மேக்கப் போடுகிற பெண்ணிடம் முன்னாடியே சொல்லு, உன் கழுத்து நிறம் என்னவோ அதே நிறத்தில் ஃபவுண்டேஷன் வேண்டும் என்று. இரண்டு ஷேடு தூக்கிப் போடுவதுதான் அவர்களுக்குப் பழக்கம், நீ விடாதே. ஒரு வாரம் முன்னால் தாடைக்குக் கீழே கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிடு. மருதாணி இலையை அரைத்து வைத்துக்கொள், சட்டென்று கறுப்பாகப் பிடிக்கிற கோன் வேண்டாம், அதில் தலைமுடிச் சாயத்தில் போடுகிற பிபிடி கலந்திருக்கும், கல்யாணக் கையில் கொப்புளம் வந்து என்னிடம் வந்த பெண்கள் உண்டு. நல்ல மருதாணி ஆரஞ்சில் ஆரம்பித்து ஒரு நாள் கழித்துத்தான் நன்றாகச் சிவக்கும். ராத்திரி எவ்வளவு அசதியாக இருந்தாலும் எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

டாக்டரிடம் போகிற அன்று முகத்தில் எதுவும் போடாமல் போ. அந்த டியூபைத் தூக்கி எறிந்துவிடாதே, பாதி தீர்ந்திருந்தாலும் கையோடு எடுத்துக்கொண்டு போ, அட்டைப்பெட்டி இருந்தால் அதையும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, அவர் கன்னத்தையும் ஒரு தரம் பார்க்கச் சொல்.